கிட்னிக்குச் சாப்பிடும் மாத்திரையால் தோலில் கேன்சர் வருமா? அப்பா மாத்திரையையே நிறுத்தப்போகிறேன் என்கிறார்

பெகு செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் பெகுவிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 61. 2013இல் சென்னையில் கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்தது, அத்தைதான் கிட்னி கொடுத்தார். அன்றிலிருந்து சைக்ளோஸ்போரின், அசதயோப்ரின், பிரட்னிசோலோன் மூன்றையும் ஒரு நாள்கூட விடாமல் சாப்பிடுகிறார். கிட்னி நன்றாகத்தான் வேலை செய்கிறது. நெல் வியாபாரம் என்பதால் பாதி நாள் வெயிலில் களத்தில்தான் நிற்பார்.

போன தீபாவளிக்கு முன்னால் கீழ் உதட்டில் ஒரு சின்னப் பொருக்கு வந்தது. நெல் உமி ஒட்டிக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். சாப்பிடும்போது உதிர்ந்துவிடும், அடியில் ஊசிமுனை அளவுக்கு ரத்தம் கசியும், நாலைந்து நாளில் திரும்பவும் அதே பொருக்கு. வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். அம்மா தினமும் ராத்திரி, முகத்துக்குப் பூசும் தனக்கா மரப்பட்டையை அரைத்து, கொஞ்சம் மஞ்சளும் சேர்த்துப் பூசிவிடுவார். ஏழு மாதம் இப்படியே போய்விட்டது. விரலால் தொட்டால் உள்ளே ஒரு கல் மாதிரி தட்டுப்பட ஆரம்பித்த பிறகுதான் ரங்கூனுக்குக் கூட்டிப்போனோம். பயாப்ஸி எடுத்தார்கள். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற தோல் கேன்சர் என்று ரிசல்ட் வந்திருக்கிறது.

டாக்டர் "நீங்கள் சாப்பிடும் மாத்திரையால் வருவதுதான் இது" என்று சொல்லிவிட்டு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். வெளியே அவ்வளவு பேர் காத்திருந்தார்கள், மேற்கொண்டு கேட்க முடியவில்லை. இப்போது அப்பா, "கேன்சர் கொடுக்கிற மாத்திரையை நான் ஏன் சாப்பிட வேண்டும்" என்று பிடிவாதமாக இருக்கிறார். நேற்று ராத்திரி மாத்திரையை எடுக்கவே இல்லை. கிட்னிக்குச் சாப்பிடும் மாத்திரைக்கும் உதட்டுக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் எல்லோரும் கறுப்பு நிறம், கறுப்புத் தோலுக்குத் தோல் கேன்சர் வராது என்றுதானே சொல்வார்கள்? தயவுசெய்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரங்கூன் மாலா:

செல்வி தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அப்பாவை இன்றைக்கு மாத்திரையைச் சாப்பிட வையுங்கள், இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். நேற்று விட்டதற்குச் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள், வழக்கமான அளவு மட்டும்தான். கிட்னி டாக்டருக்குப் போன் செய்து ஒரு வேளை விட்டுப்போனதையும் சொல்லிவிடுங்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு அந்தக் கிட்னியை அந்நியப் பொருள் என்று தாக்க ஆரம்பித்துவிடும். பிரட்னிசோலோனைப் பல வருடம் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கமே வந்துவிடும். மாத்திரையைக் குறைப்பதோ மாற்றுவதோ உண்டு, ஆனால் அதைக் கிட்னி டாக்டர்தான் செய்ய வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை, பயாப்ஸி பார்க்கிற லேபில் 22 வருடமாக டெக்னீஷியன். வெட்டியெடுத்த தோலை மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவதுதான் என் வேலை. அதனால் நான் தினமும் பார்ப்பதை வைத்தே சொல்கிறேன்.

தோல் என்றால் உடம்பைச் சுற்றிய உறை என்றுதான் நாம் நினைக்கிறோம். அதன் மேலடுக்குக்குள் நட்சத்திரம் மாதிரி கைகளை நீட்டிக்கொண்டு சில செல்கள் உட்கார்ந்திருக்கும். லாங்கர்ஹான்ஸ் செல் என்று பெயர். 1868இல் பெர்லினில் படித்துக்கொண்டிருந்த பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் தங்க உப்பால் சாயம் ஏற்றி இவற்றைக் கண்டுபிடித்தார், அந்தக் கைகளைப் பார்த்து நரம்பு என்று நினைத்துக்கொண்டார். இவை நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்தவை என்று தெரியவர அதற்கப்புறம் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. கதிர் முற்றும் காலத்தில் வயலில் பரண் கட்டி ஆள் நிற்பார் இல்லையா, இவற்றின் வேலையும் அதுதான். பக்கத்துச் செல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது கோணலாகத் தெரிந்தால் அதில் ஒரு துண்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டு நெறிகட்டும் இடம் இருக்கிறதே, அந்த நிணநீர் முடிச்சு, அங்கே போய் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களிடம் காட்டும். அதைப் பார்த்துக்கொண்ட டி செல்கள் கிளம்பி வந்து கோணலான செல்லைக் கொன்றுவிடும். ஏற்கெனவே பழகிய டி செல்கள் தோலிலேயே கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன, ரத்தத்தில் ஓடுவதைவிடத் தோலில் இருப்பவை அதிகம்.

வெயிலில் நிற்கும்போதெல்லாம் புற ஊதாக் கதிர் தோல் செல்லின் டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். செல்லே அதை வெட்டிச் சரிசெய்துகொள்ளும். முடியாவிட்டால் பி53 என்ற ஜீன் சொல்லி அந்தச் செல் தானாகவே செத்துவிடும், கடுமையான வெயிலுக்குப் பிறகு தோல் உரிவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த பி53யே கெட்டுப்போன செல் சாகாமல் நின்றுவிடும். அதைப் பிடிக்கத்தான் பரணில் ஆள். அப்பாவின் மாத்திரைகள் செய்வது என்னவென்றால் டி செல்களை அடக்கிவைப்பது. கிட்னியைத் தாக்குவதும் டி செல்தான், உதட்டில் கெட்டுப்போன செல்லைக் கொல்வதும் டி செல்தான். ஒன்றை மட்டும் அடக்கி மற்றதை விட்டுவைக்க இன்னும் வழி வரவில்லை. சம்பந்தம் அதுதான் தங்கச்சி.

என் தகடுகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாதாரண ஆளின் தோல் கேன்சரில், கட்டியின் அடி ஓரத்தில் நீலநிறப் புள்ளிகள் மொய்த்துக் கிடக்கும், சிந்திய சர்க்கரையை எறும்பு சூழ்ந்த மாதிரி. அவைதான் சண்டை போட வந்த லிம்போசைட்டுகள், அதாவது டி செல்லும் அதன் இனத்துச் செல்களும். மாற்றுக் கிட்னி வைத்தவர்களின் தகட்டில் அந்தக் கூட்டம் பெரும்பாலும் மெலிந்திருக்கும். பெயரைப் பார்க்காமலேயே சில நேரம் சந்தேகம் வந்துவிடும் எனக்கு.

இன்னொன்றும் உண்டு. அசதயோப்ரின் சாப்பிடுகிறவர்களின் டிஎன்ஏவில் அந்த மருந்தின் ஒரு துணுக்கு போய்ச் சேர்ந்துகொள்கிறது, அது வெயிலில் இருக்கும் யுவிஏ என்ற வகைப் புற ஊதாக் கதிரை இழுத்து டிஎன்ஏவைக் கெடுக்கும். அதாவது அந்த மாத்திரையும் களத்து வெயிலும் சேர்வதுதான் மோசம். டாக்டர் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். வெற்றிலையில் புகையிலை சேர்க்கிறாரா? அதையும் விடச் சொல்லுங்கள், உதட்டுக்கு அது தனி வினை.

தட்டோன் கிருஷ்ணன்:

மாலா அம்மா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நான்கு தலைமுறையாக நாங்கள் இங்கே வயலில்தான் இருக்கிறோம். என் பாட்டி 84 வயதுவரை நாற்று நட்டவர், விடிந்ததும் வட்டக் கல்லில் தனக்காக் கட்டையைத் தேய்த்துக் கன்னம், கழுத்து, கை எல்லாம் பூசிக்கொண்டுதான் கிளம்புவார். அவருக்கு ஒரு பரு கூட வந்ததில்லை. ஊரில் வெயிலால் தோல் கேன்சர் என்று யாரையும் நான் கேள்விப்பட்டதே இல்லை. நம் நிறமும் தனக்காவும் காப்பாற்றியதால்தானே அது? அதை ஏதோ பழைய பழக்கம் என்று தள்ளிவிட வேண்டாம் என்பதுதான் என் மனதில் இருப்பது.

ரங்கூன் மாலா:

கிருஷ்ணன் அண்ணே, தள்ளவில்லை, நானும் தினமும் பூசுகிறவள்தான். தனக்காப் பட்டையில் மார்மெசின் என்ற பொருள் இருக்கிறது, யுவிஏ கதிரை அது கொஞ்சம் உறிஞ்சும். நம் நிறமும் உண்மையான காப்புதான். தோல் செல்லுக்குள் மெலனின் என்ற நிறத் துகள்கள் டிஎன்ஏ இருக்கும் உட்கருவுக்கு மேலே குடை பிடித்த மாதிரி ஒதுங்கி நிற்கும், தகட்டில் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும். 1979இல் அளந்து பார்த்தார்கள். ஆப்பிரிக்கக் கறுப்புத் தோலின் மேலடுக்கு வெயில் கிரீம் டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் கணக்கில் சுமார் 13 அளவுக்குத் தடுக்கிறது, வெள்ளைத் தோல் 3 சொச்சம்தான். நாம் நடுவில் எங்கேயோ. மாற்று உறுப்பு வைத்தவர்களுக்கு இந்த வகைக் கேன்சர் 65 மடங்கு அதிகம் என்று ஒரு கணக்கு உண்டு, அது நார்வே நாட்டு வெள்ளைக்காரர்களிடம் எடுத்தது, நம்மவர்களுக்கு அவ்வளவு இல்லை.

ஆனால் உதட்டை யோசித்துப் பாருங்கள். அங்கே மெலனினும் குறைவு, மேல்தோலும் மெல்லிசு. கீழ் உதடு வானத்தைப் பார்த்து நிற்கிறது. கன்னத்தில் பூசுகிற தனக்காவை உதட்டில் யாரும் பூசுவதில்லை, பூசினாலும் ஒரு வாய் தேநீரோடு போய்விடும். வியர்வை வழிகிற களத்தில் கன்னத்திலேயே அது ரொம்ப நேரம் நிற்காது. பாட்டிக்குப் பரணில் ஆள் இருந்தார், செல்வியின் அப்பாவுக்கு மாத்திரை அந்த ஆளைத் தூங்க வைத்திருக்கிறது, பாட்டியை வைத்து இவரை அளக்கக் கூடாது. அப்புறம், ஆறாத புண்ணில் கல்லில் அரைத்த பட்டையையும் மஞ்சளையும் பூசுவது வேறு விஷயம். கேன்சரை அது ஒன்றும் செய்யாது, கிருமி உள்ளே போகும், எல்லாவற்றுக்கும் மேல் மஞ்சள் கறையில் புண்ணின் உண்மையான நிறமே தெரியாமல் போய்விடும்.

வெயிலே பரண்காரரைக் கீழே இறக்கிவிடும் என்பதும் தெரிந்திருக்கட்டும். 1970களில் அமெரிக்காவில் மார்கரெட் கிரிப்கி என்ற அம்மையார் எலிகளை வைத்துப் பார்த்தார். புற ஊதாக் கதிரால் ஒரு எலியில் வந்த கட்டியை எடுத்து நல்ல எலியில் வைத்தால், அதன் உடம்பு கட்டியை அழித்துவிட்டது. அதே கட்டியை, சில வாரம் கதிர் பட்ட, ஆனால் தனக்கென்று கட்டி எதுவும் வராத எலியில் வைத்தபோது அது வளர்ந்துவிட்டது. அதாவது வெயில் செல்லையும் கெடுக்கிறது, கெட்டதைப் பிடிக்கிற காவலையும் தளர்த்துகிறது. அப்பாவுக்கு மாத்திரையாலும் காவல் தளர்ந்திருக்கிறது, வெயிலாலும் தளர்ந்திருக்கிறது.

தட்டோன் கிருஷ்ணன்:

சரி அம்மா, உதட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இதைப் படித்ததும் ஒன்று மனதைக் குடைகிறது. என் மைத்துனருக்கு வலது உள்ளங்காலில் குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் மிளகு அளவு, இப்போது புளியங்கொட்டை அளவு, ஓரம் தண்ணீர் பட்ட மை மாதிரி பரவியிருக்கிறது. வெறுங்காலோடு சேற்றில் நடப்பதால் வந்த காய்ப்பு என்று விட்டுவிட்டோம். அவர் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறவர் இல்லை. உள்ளங்காலில் வெயிலும் படாதே?

ரங்கூன் மாலா:

அண்ணே, இந்த வாரமே தோல் டாக்டரிடம் காட்டுங்கள். நம் நிறத்தவர்களுக்கு மெலனோமா என்ற கேன்சர் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி இந்த இடங்களில்தான் வரும், அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. பாடகர் பாப் மார்லி 1981இல் 36 வயதில் இறந்தது இதனால்தான், கால் விரல் நகத்தடியில் ஆரம்பித்தது. காய்ப்பு கறுப்பாகப் பரவாது. வெறும் ரத்தக்கட்டாகவோ மச்சமாகவோ கூட இருக்கலாம், ஆனால் இரண்டு வருடமாக வளர்கிறது என்கிறீர்கள், அதைப் போய் பார்த்தே ஆக வேண்டும். கத்தியால் சீவிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

டெல்டா முருகேசன்:

எங்கள் ஊர் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், ஐராவதி டெல்டாவில் இருப்பவர்களுக்கு உதவும். என் அம்மாவின் உள்ளங்கை இரண்டிலும் அரிசி ஒட்டின மாதிரி கெட்டிக் கெட்டியாகப் புள்ளிகள், மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்த மாதிரி கறுப்பும் வெளுப்பும். இருபது வருடமாக வீட்டுக் குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான் குடித்தோம். பரிசோதித்தபோதுதான் ஆர்சனிக் என்று தெரிந்தது, நிலத்தடி மண்ணிலேயே அது இருக்கிறது, யாரும் கலந்ததில்லை. ஆர்சனிக் டிஎன்ஏவைச் சரிசெய்யும் வேலையைத் தடுக்கிறது, நோய் எதிர்ப்பையும் குறைக்கிறது, அதனால் வெயிலே படாத உடம்புப் பகுதியில்கூடத் தோல் கேன்சர் வரும் என்று டாக்டர் விளக்கினார். அம்மாவுக்கு இடுப்புக்குப் பக்கத்தில் ஆறாத ஒரு சிவப்புத் திட்டு இருந்தது, படர்தாமரை என்று நினைத்துக் களிம்பு போட்டுக்கொண்டிருந்தோம், அது போவன் நோய் என்ற ஆரம்ப நிலைக் கேன்சர். வெட்டி எடுத்தாகிவிட்டது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆர்சனிக் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். இப்போது மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிறோம். கிணறு தோண்டியவர்கள் ஒரு தடவையாவது பரிசோதித்துப் பாருங்கள்.

மோல்மேன் ராஜன்:

செல்வி, நானும் மாற்றுக் கிட்னிக்காரன்தான், 2009இல் வைத்தது. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும், என்ன பழம் சாப்பிடக் கூடாது என்றெல்லாம் சொல்லி அனுப்பினார்கள், வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டாவது வருடம் இடது காது மடலில் வந்தது. வெட்டி எடுத்தார்கள், அடுத்த வருடம் புறங்கையில் இன்னொன்று. அப்புறம்தான் கிட்னி டாக்டர் சைக்ளோஸ்போரினை நிறுத்தி சிரோலிமஸ் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார். ஏற்கெனவே ஒரு தோல் கேன்சர் வந்தவர்களை வைத்து 2012இல் ஐரோப்பாவில் வந்த ஆராய்ச்சியை எனக்குக் காட்டினார்: பழைய மருந்திலேயே இருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்தில் திரும்ப வந்தது, சிரோலிமஸுக்கு மாறியவர்களில் 22 சதவீதம். ஆனால் அந்த மருந்தால் கால் வீக்கம், வாய்ப்புண் உண்டு, எனக்கு முதல் இரண்டு மாதம் வாயெல்லாம் புண், சோறு இறங்கவில்லை. எல்லோருக்கும் ஒத்துவராது. அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்ததும் கிட்னி டாக்டரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். மாத்திரையை மாற்றலாம் என்று தெரிந்தால் அவரே நிறுத்தும் பேச்சை விட்டுவிடுவார் என்று நினைக்கிறேன், நானும் அப்படித்தான் அடங்கினேன்.

வைட்டமின் பி3, அதாவது நிக்கோட்டினமைடு, வாங்கச் சொல்வார்கள். 2015இல் ஆஸ்திரேலியாவில், ஏற்கெனவே தோல் கேன்சர் வந்த, ஆனால் மாற்று உறுப்பு வைக்காத ஆட்களுக்குப் புதிதாக வருவதை அது 23 சதவீதம் குறைத்தது, உண்மைதான். ஆனால் மாற்று உறுப்பு வைத்தவர்களை வைத்துப் பார்த்த 2023 ஆராய்ச்சியில் பலன் தெரியவில்லை. காசை முழுக்கைச் சட்டைக்கும், சுற்றிலும் விளிம்பு வைத்த மூங்கில் தொப்பிக்கும், எஸ்பிஎஃப் 30க்கு மேல் உள்ள உதட்டு கிரீமுக்கும் செலவழியுங்கள்.

இன்னொன்று, யாராவது இம்யூனோதெரபி ஊசி போட்டால் கத்தி வேண்டாம் என்று சொல்வார்கள். டி செல்லின் பிரேக்கை எடுத்துவிடுகிற ஊசி அது, கண்டுபிடித்தவர்களுக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது, நல்ல மருந்துதான். ஆனால் பிரேக் எடுத்த டி செல் கிட்னியையும் விடாது. நம் மாதிரி ஆட்களுக்கு அது கடைசிப் பேச்சு. சின்னதாக இருக்கும்போதே வெட்டி எடுப்பதுதான் நமக்கு நல்லது.

பெகு செல்வி:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மாலா அக்கா எழுதியதை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பரண் விஷயம் வந்ததும் நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னார். கிட்னியைத் தாக்குவதும் கேன்சரைக் கொல்வதும் ஒரே ஆள்தானா என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் தானே எழுந்து போய் டப்பாவைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டார். கிட்னி டாக்டரிடம் போனில் பேசிவிட்டோம், இரண்டு நாளில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். சிரோலிமஸ் பற்றி ஆபரேஷன் காயம் நன்றாக ஆறிய பிறகு பேசலாம் என்றார்.

அம்மாதான் ரொம்ப அழுதார், ஏழு மாதம் நான்தானே பூசினேன் என்று. டாக்டரிடம் போகாமல் இருந்தது நாங்கள் எல்லோரும்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று கரண்ட் இல்லை, டார்ச் பிடித்து அப்பாவின் முகம், காது, கழுத்து, கை, உள்ளங்கால் வரை நானும் தம்பியும் பார்த்தோம். வலது காதுக்கு மேல், தொப்பி உரசும் இடத்தில், சொரசொரவென்று ஒரு திட்டு இருக்கிறது. பார்த்தால் ஒன்றும் தெரியாது, விரலை ஓட்டினால் உப்புத்தாள் மாதிரி இருக்கிறது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை ஆபரேஷன். மாலா அக்கா, அன்றைக்கு டாக்டரிடம் நான் என்னென்ன கேட்க வேண்டும்?

ரங்கூன் மாலா:

மூன்று கேளுங்கள். உதட்டில் எடுத்த துண்டின் ஓரங்களில் கேன்சர் செல் இல்லாமல் சுத்தமாக இருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது, தாடைக்குக் கீழேயும் கழுத்திலும் நெறி ஏதாவது தட்டுப்படுகிறதா. உதட்டுக் கேன்சர் பரவினால் முதலில் அங்கேதான் போகும். காதுக்கு மேலே இருப்பதை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணால் மட்டும் பார்த்தால் தப்பிவிடும். ரிசல்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், புரியாத வார்த்தை இருந்தால் இங்கே எழுதுங்கள், நான் பார்க்கிறேன்.